வேலைக்கு வாறவா

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. கனகராயன்குளத்தில் சஜீவனுடைய ஸ்ரூடியோவுக்கு ஓர் உரக்கடை விளம்பரத்துக்குக் குரல் கொடுக்கப் போயிருந்தேன். வேலை முடிந்தபின் அவன் சிரித்துக்கொண்டு பகிடி சொல்வதுபோல ஒன்றைத் தொடங்கினான். பகிடி பாதியில் நின்றுவிட்டது. நின்ற இடம்வரைதான் எனக்கும் தெரியும்.

2

முதல் தொடக்கம்: ‘பெரும்போக நெல்லின் வாசத்தில் இசை பிறந்த...’ சீ. வெட்டிவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: சஜீவன் கெட்டிக்காரன். வீட்டு வளவு மூலையில் இருந்த நெல்லுக் கொட்டிலை ஸ்ரூடியோ ஆக்கப்போவதாகச் சொன்னதும் அவன் தாய் அமராவதி, “அப்ப நெல்ல எங்க வைக்கிறது? என் தலையிலயா?” என்று கேட்டாள். அவன் ஒரு மூடையையும் வெளியே எடுக்கவில்லை. நான்கு சுவரோடும் கூரைவரை அடுக்கினான். எதிரொலி அடங்கிவிட்டது. நெல்லுக்கும் இடம், பாட்டுக்கும் இடம். [நெல்லை விற்றபின் என்ன செய்வான் என்று கேட்காதீர்கள். சாக்கில் உமி அடைப்பான்.]

முற்றத்தில் அமராவதி நெல் காயப்போடுவாள், கோழி கலைப்பாள். உள்ளே பதிவு நடப்பது அவளுக்குத் தெரியவேண்டாமா? அதற்காகத் தாழ்வாரத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கர் பூட்டினான். உள்ளே பேசுவது வெளியே மெல்லக் கேட்கும். கேட்டால் அவள் கோழியைக்கூட வாய் திறக்காமல் கையால்தான் விரட்டுவாள்.

3

விமலேஸ்வரி ரீச்சர் தேவாரம் பதிய வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக் காணிக்குக் குடியேறிய குடும்பம். இரண்டாம் அடி பாடும்போது வெளியே அமராவதியின் குரல்: “தம்பி, மழ வருது! நெல்லு நனையப் போகுது!”

தேவாரம் நின்றது.

“ஆர் தம்பி அது? தோட்டக்காட்டுப் பேச்சு மாதிரிக் கிடக்கு.”

“வேலைக்கு வாறவா, ரீச்சர்,” என்றான் சஜீவன்.

மைக் திறந்திருந்தது. தாழ்வாரத்து ஸ்பீக்கர் அதை அப்படியே முற்றத்துக்குச் சொன்னது.

ஏன் சொன்னான்? வெட்கம், வேறென்ன. சஜீவன் வீட்டார் இனக்கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்த சனம். பள்ளிக்கூடத்தில் வாங்கிய ‘தோட்டக்காட்டான்’ என்ற பட்டப்பெயருக்குப் பயந்து அவன் தன் பேச்சை மாற்றிக்கொண்டான். தாய் மாற்றிக்கொள்ளவில்லை.

[என் முதல் படியில் அமராவதியை ‘மழை வரப்போகுது, ஓடி வா மோனை’ என்று இந்த ஊர்க்காரியாகவே பேசவைத்திருந்தேன். வாசிக்க லேசாக இருக்கட்டும் என்று எனக்கு நானே சாக்குச் சொன்னேன். சஜீவன் செய்ததும் அதுதானே. திருத்திவிட்டேன், கூச்சம் மட்டும் போகவில்லை.]

4

நனைந்த சேலையோடு அமராவதி தேத்தண்ணி கொண்டுவந்தாள். ரீச்சரின் கையில் கொடுத்தாள். மகனிடம் திரும்பி, நிலத்தைப் பார்த்தபடி கேட்டாள்:

“தம்பி, வேலையெல்லாம் முடிச்சிட்டேங்க. வீட்டுக்குப் போகட்டுங்களா?”

அவன் தலையாட்டினான். பாவி, தலையாட்டினான். அவள் தன் சொந்தப் படலையைத் திறந்துகொண்டு மழைக்குள் இறங்கிப் போனாள்.

ரீச்சர் தேத்தண்ணியை ரசித்துக் குடித்தார். “நல்ல பணிவான மனுசி. கிழமையில ரெண்டு நாள் எங்கட வீட்டுக்கும் அனுப்பிவிடுவீரே?”

இந்த இடத்தில்தான் சஜீவன் பேச்சை நிறுத்திவிட்டு வயர் சுருட்டத் தொடங்கினான். நானும் மேலே கேட்கவில்லை. கேட்க முகமில்லை.

5

ஒரு முடிவில் அவன் ஓடிப்போய்த் தாயைக் கட்டிக்கொள்கிறான். [எழுதும்போது எனக்கே அழுகை வந்தது. அதனால்தான் நம்பவில்லை.]

இன்னொன்றில், “ஓம் ரீச்சர், கேட்டுப் பாக்கிறன்,” என்கிறான். [இதுதான் நடந்திருக்கும் என்று பயப்படுகிறேன்.]

மூன்றாவதில் அவன் மெதுவாக எழுந்து

இல்லை. அவன் வாயில் நான் சொல் வைத்தால் அவனைக் காப்பாற்றத்தான் வைப்பேன், அவனோடு சேர்த்து என்னையும். நீங்களே வையுங்கள். ஆனால் கெதியாக. ரீச்சர் எழுந்து போகும்வரை அமராவதி தன் வீட்டுக்குள் வர முடியாது. மழை இன்னும் விடவில்லை.