ஐந்தாவது சனிக்கிழமை

நாற்காலிகளை வட்டமாகப் போட்டுவிட்டாள் தாட்சாயினி. முப்பது நாற்காலிகள், ஒலிபெருக்கி வைக்க ஒரு முக்காலி. கடைசி நாற்காலியை இழுக்கும்போதுதான் சுஜீவன் அவள் கையைப் பிடித்தான்.

"அக்கா, நடுவில பெட்டி வைக்கவேணும். இதுகளைச் சுவரோட போடுவம்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சனிக்கிழமை, அதே அடுக்குமாடியின் கீழ்த்தள மண்டபம், அதே நாற்காலிகள். கை தன் பாட்டுக்கு வகுப்புக்கு ஆயத்தம் செய்திருக்கிறது. இருவரும் வட்டத்தைக் கலைத்துச் சுவரோரம் அடுக்கினார்கள். சுஜீவன் சித்தப்பாவின் மகன். ஆண்பிள்ளை இல்லாத அப்பாவுக்கு இன்றைக்குக் கொள்ளி வைக்கப் போகிறவன் அவன்தான்.

அப்பா ஏரம்பமூர்த்தி வியாழக்கிழமை காலையில் இறந்தார். ஊரில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் லிகிதராக இருந்த மனிதர். பினாங்குக்கு வந்த எட்டு வருடமும் சூலியா தெருவில் முஸ்தஃபாவின் சாப்பாட்டுக் கடையில் வெங்காயம் உரித்தார். அங்கேயும் சட்டைப்பையில் பேனா குத்தியிருக்கும். அகதி என்ற சொல்லை அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. "நாங்கள் வெளிக்கிட்டு வந்தனாங்கள்" என்பார், ஏதோ கலியாண வீட்டுக்குப் புறப்பட்டு வந்ததுபோல.

இந்த மண்டபத்தில் அகதிகளுக்கு மன அழுத்தத்தைச் சமாளிக்க வகுப்பு வைக்கப் போவதாக ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. ஐந்து சனிக்கிழமை. பதிவு செய்த குரல் ஒலிபெருக்கியில் பாடம் சொல்லும்; கூட இருந்து விளக்க அகதிகளிலேயே ஒருவர் வேண்டும் என்றார்கள். கெலுகோர் பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கும் உள்ளூர்ப் பெண் அர்ச்சனா, தாட்சாயினியைப் பிடித்துப் பழக்கினாள். பாதங்களைத் தரையில் ஊன்றுங்கள், மூச்சை மெல்ல விடுங்கள், மனம் எங்கே இழுத்துக்கொண்டு ஓடினாலும் இருக்கிற இடத்துக்குத் திரும்பி வாருங்கள். பாடம் அவ்வளவுதான்.

முதல் வாரம் அப்பா, "மூச்சு விடவும் வகுப்போ" என்று சிரித்தார். இரண்டாம் வாரம் வந்து அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்றாம் வாரம் மகளை ரீச்சர் என்று கூப்பிட்டு, கையுயர்த்திச் சந்தேகம் கேட்டு, சபையைச் சிரிக்க வைத்தார். நான்காம் வாரம், பதினாறு வருடம் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். எறிகணை விழுந்தபோது நடக்க முடியாத தன் தாயைப் பதுங்குகுழியிலேயே விட்டுவிட்டு ஓடிவந்த கதை. ஒருவரும் ஆறுதல் சொல்லவில்லை. முப்பது பேரும் பாதங்களை ஊன்றிக்கொண்டு அவரோடு இருந்தார்கள். அன்றைக்கு அவர் விடியுமட்டும் தூங்கினார். காலையில் அம்மா புஷ்பராணி மகளின் தலையைத் தடவி, என்ர மனுசனைத் திருப்பித் தந்திட்டாய் என்றாள்.

அந்த முப்பது பேரும் இப்போது ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். கார் கழுவும் கடையிலிருந்து ஈரக் காற்சட்டையோடு வந்த கருப்பையா அவள் முன்னால் நின்று கைகூப்பினார்.

"கதிரையில இருந்தபடியே போனவராம். எல்லாருக்கும் கிடைக்காது, பிள்ளை. உன்ர வகுப்பு செய்த புண்ணியம்."

தாட்சாயினியும் கைகூப்பினாள். இதே வார்த்தையைக் காலையிலிருந்து ஐந்தாறு பேர் சொல்லிவிட்டார்கள். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவளால் தாங்கியிருக்க முடியும்.

அந்த நாற்காலியில் அவரை உட்கார வைத்தது அவள்தான். அதை அவள் யாருக்கும் சொல்லவில்லை, அம்மாவுக்கும்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு, வேலைக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டே அப்பா சொன்னார்: "பிள்ளை, நெஞ்சுக்குள்ள என்னவோ இறுக்கிப் பிடிக்குது. இடக்கையும் விறைக்குது."

அவளுக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லித் தப்ப வழியில்லை. வகுப்பின் முதல் விதியே அதுதான். நான்கு சனிக்கிழமையும் அவளே உரக்க வாசித்தது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் பயிற்சி செய்ய வேண்டாம், முதலில் ஆஸ்பத்திரி. ஆனால் அப்பாவின் ஐ.நா. அகதி அட்டை காலாவதியாகி நாலு மாதம் ஆகியிருந்தது. புதுப்பிக்கக் கோலாலம்பூருக்கு வரச்சொன்ன தேதி அடுத்த மாதம்தான். ஆஸ்பத்திரிக்குப் போன யாரையோ அங்கிருந்தே பிடித்துக்கொண்டு போனார்களாம் என்று ஒரு கதை இந்த அடுக்குமாடியில் வெகுநாளாக உலாவியது. யாரை என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே.

அவள் போன் இருக்கும் பக்கம் பார்த்தாள். அப்பா அதைக் கவனித்துவிட்டார். "ஆஸ்பத்திரி வேண்டாம். உங்கட பாடத்தைச் சொல்லுங்கோ, ரீச்சர்" என்றார்.

சொன்னாள். இருபது நிமிடம் சொன்னாள். அவர் கண்ணை மூடி, இரண்டு பாதங்களையும் ஊன்றி, நல்ல மாணவனாக அவள் சொன்னபடியெல்லாம் செய்தார். "இப்ப பரவாயில்லை" என்றார். தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வந்தபோதும் அதே மாதிரித்தான் இருந்தார், மூச்சு மட்டும் இல்லை.

பதினொரு மணிக்குப் பெட்டி வந்தது. ஒருவர் தேவாரம் பாடினார். அம்மா பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒப்பாரி சொல்லத் தெரியாதவள், அவர் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள். பிறகு அழுகை நின்றது. கை நெஞ்சுக்குப் போனது. முகம் வியர்த்தது.

அர்ச்சனா ஓடிவந்து மண்டியிட்டாள். "ஆன்ட்டி, ஒண்ணும் இல்ல லா. காலத் தரையில நல்லா வைங்க. மெதுவா மூச்ச விடுங்க."

அவளைக் குறை சொல்ல முடியாது. அழுகிற பெண்ணிடம் யாரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் அம்மாவைப் பிடித்திருந்த அவளுடைய கையைத் தாட்சாயினி தட்டிவிட்ட வேகத்தில் அர்ச்சனா தடுமாறி உட்கார்ந்துவிட்டாள்.

"காரை எடு."

"அக்கா, இது வந்து..."

"காரை எடு, அர்ச்சனா."

அம்மா தலையை ஆட்டினாள். பிரேதம் கிடக்கிறது, தன் அட்டையும் முடிந்துபோனது, உனக்கென்ன விசரா என்று மூச்சு வாங்க வாங்கக் கேட்டாள். பெரியவர்களும் யோசித்தார்கள். பத்து லஞ்சாங் என்ற இடத்துச் சுடலையில் குறித்த நேரம் ஒரு மணி, தாமதிக்க முடியாது. ஊரில் பெண்கள் வீட்டு வேலிப் படலையோடு நின்றுவிடுவார்கள். சுடலைக்குப் போகும் வழக்கமில்லை. இங்கே படலை இல்லை, இந்த மண்டப வாசல்தான். இப்போது வெளியே போனால் அப்பாவின் முகத்தை இனிப் பார்க்கக் கிடைக்காது என்பது தாட்சாயினிக்கும் தெரியும்.

"நாங்கள் வராட்டி எடுங்கோ" என்று சுஜீவனிடம் சொன்னாள். அம்மாவின் தோளுக்குள் கை கொடுத்துத் தூக்கினாள். திரும்பிப் பார்த்தால் கால் நகராது என்று பார்க்காமலே போனாள்.

ஆஸ்பத்திரிக் கவுண்டரில் சலேஹா என்று பெயர் குத்திய மலாய்ப் பெண் அம்மாவின் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். தேதி முடிந்துவிட்டதே அக்கா என்று மலாயில் சொன்னாள். தாட்சாயினி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் பார்த்தாள். பரவாயில்லை, முதலில் உட்காருங்கள் என்று அடுத்த மூச்சிலேயே சொல்லி, அந்தப் பெண் தள்ளுநாற்காலியைக் கூப்பிட்டாள்.

அவ்வளவுதான். யாருக்கும் போன் போகவில்லை, கதவு எதுவும் பூட்டப்படவில்லை. அம்மாவை உள்ளே கொண்டுபோன பிறகும் தாட்சாயினி கவுண்டரை விட்டு நகரவில்லை. இரண்டு நாளைக்கு முன்னால் இதே இடத்தில் அப்பாவின் அட்டையை நீட்டியிருக்கலாம். அடுத்து நின்றவர் தோளைத் தொட்டபோதுதான் விலகினாள்.

இருதயத்தில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். காகிதத்தில் ஓடிய கோட்டைக் காட்டி, எல்லாம் சரியாக இருக்கிறது, இது துக்கம் என்றார். மெதுவாக மூச்சுவிடும் பயிற்சி நல்லது, வீட்டில் சொல்லிக் கொடுக்க யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.

இல்லை என்றாள் தாட்சாயினி.

வெளியே கிடந்த வாங்குப் பலகையில் அம்மாவை உட்கார வைத்தாள். மருந்துக்கு எண் கூப்பிட நேரம் இருந்தது. இனியும் சொல்லாமல் இருந்தால் தன் நெஞ்சுதான் வெடிக்கும் என்று தோன்றியது.

"அம்மா, அண்டைக்குக் காலமை அப்பா என்னட்டை நெஞ்சு நோகுது எண்டவர்."

"தெரியும்" என்றாள் அம்மா.

தாட்சாயினி அவளைப் பார்த்தாள்.

"நான் முழிச்சுத்தான் கிடந்தனான். திரைக்கு அங்கால எல்லாம் கேட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ எண்டு சொல்ல வாய் உன்னிச்சுது. அந்த முடிஞ்ச அட்டையை நினைச்சுப்போட்டுப் பேசாமக் கிடந்திட்டன்."

சுவரில் எண் மாறியது. அவர்களுடையது இல்லை.

"நீ சொல்லச் சொல்ல நானும் மூச்சு விட்டனான், பிள்ளை" என்றாள் அம்மா. "அவருக்கு இறுக்கம் விடட்டும் எண்டு."

தாட்சாயினியின் மடியில் போன் அதிர்ந்தது. சுஜீவன். பெட்டி மூடப் போகிறார்கள், இருபது நிமிடத்தில் வந்துவிடுவீர்களா என்று கேட்டான். அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"எடுக்கச் சொல்லு" என்றாள்.

தாட்சாயினி அதைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அம்மாவின் கணுக்காலில், இயந்திரத்துக் கம்பி மாட்ட ஒட்டிய வெள்ளை வட்டம் ஒன்று கழற்றாமல் விடுபட்டிருந்தது. குனிந்து, தோல் நோகாமல் ஓரத்திலிருந்து மெல்ல உரிக்கத் தொடங்கினாள். அம்மா காலைச் சற்று நீட்டிக் கொடுத்தாள்.