செஸ்தியா கடையில் இறங்கிய செம்புப் பானை

"இன்னும் பொறக்காத ஜனங்க, கோடிக்கணக்குல, இன்னிக்குக் காலையில என் மூஞ்சியப் பார்த்து விழுந்து விழுந்து சிரிச்சாச்சு, தெரியுமாடா?" என்றார் மானியுஸ்.

கால்வுஸ் வாயிலிருந்த கொண்டைக்கடலையை நிதானமாக மென்று விழுங்கினான். "பொறக்காதவன் சிரிச்சானா? அவன் பாட்டனுக்கே இன்னும் பல்லு மொளைக்கலையேடா."

மானியுஸ் ரோமாபுரியை அடுத்த ஒஸ்தியா துறைமுகத்தில் ஆயுள் முழுக்க ஏலம் கூவி, ஊர்ச் சேதி கூவி ஓய்ந்தவர். குரல் என்றால் அப்படியொரு குரல். அவர் சந்தையில் தும்மினால் நடுக்கடலில் போகிற எகிப்துக் கப்பல், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிவிடும். குருட்டுக் கோவேறு கழுதையை, 'கண்ட கண்டதையும் பார்த்து மிரளாத பிராணி' என்று கூவி விற்றவர். கால்வுஸ் பக்கத்துச் சலவைக்கூடத்துக்காரன். ஊரார் உடம்பில் சுற்றிக்கொள்ளும் டோகாத் துணிகளை மூத்திரத் தொட்டியில் போட்டு மிதித்து வெளுப்பது அவன் பிழைப்பு. மானியுஸ் சொல்வதை நம்பாமலிருப்பது அவன் பொழுதுபோக்கு. பொழுது விடிந்துவிட்டது என்று மானியுஸ் சொன்னால், வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "மேகமா இருக்கு, ஒண்ணும் சொல்றதுக்கில்ல" என்பான்.

"அப்ப இது என்ன?" என்று மானியுஸ் உள்ளே கைகாட்டினார்.

அவர் தங்கை செஸ்தியாவின் சாப்பாட்டுக் கடை அது. கூரையில் ஒரு பெரிய ஓட்டை. அதற்கு நேர் கீழே, அடுப்பு இருந்த இடத்தில், கொழுத்த எருமை அளவுக்கு ஒரு செம்புப் பானை, கதவும் கைப்பிடியுமாக உட்கார்ந்திருந்தது.

"குளியல்கூடத்துக் கொப்பரை வெடிச்சுப் பறந்து வந்து விழுந்திருக்கு" என்றான் கால்வுஸ். "இதுக்கு ஒரு கதையா?"

நடந்தது இதுதான். காலையில் பளீரென்று ஒரு வெளிச்சம், காதடைக்கிற ஒரு சத்தம், ஓடுகள் பொலபொலவென்று உதிர்ந்தன. பானையின் கதவு திறந்து ஒரு பெண் இறங்கினாள். காட்டுமிராண்டிகள் போல் கால்சட்டை போட்டிருந்தாள். பின்னாலேயே ஒருவன். அவன் டோகா கட்டியிருந்த அழகைப் பார்த்தால், தூக்கத்தில் கட்டிலோடு சண்டை போட்டு விரிப்பையும் இழுத்துக்கொண்டு வந்தவன் போலிருந்தது.

"வழிப்போக்கரே, சற்று நில்லும்" என்றாள் அவள். "யாம் இங்கே கிடக்கிறோம். எம் மீது மண் பாரமின்றி இருப்பதாக."

அவள் லத்தீன் கற்றதெல்லாம் கல்லறைக் கல்வெட்டுகளைப் படித்துத்தான். அவள் வாழுகிற காலத்தில் இந்த ஊரில் மிச்சமிருப்பது அவ்வளவுதானாம். பெயர் வினிஃப்ரெட். அவர்கள் ஊரில் வீட்டுக்கு வீடு ஒரு பெட்டி இருக்கும், ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஜனங்கள் அதில் நாடகம் பார்ப்பார்கள். இவள் எடுப்பது காலம் விட்டுக் காலம் தாவுகிற ஒருத்தனின் கோமாளி நாடகம். டெஸ்மண்ட் என்ற அந்த டோகாக்காரன்தான் கதாநாயகன். அட்டையில் செய்த ரோமாபுரித் தூண் அவன் தலைமேல் விழுந்துவிட்டதாம், அதனால் நிஜ ரோமாபுரியிலேயே எடுத்துவிடலாம் என்று காலத்தைத் தாண்டுகிற இந்தப் பானையில் ஏறி வந்துவிட்டார்கள்.

அவள் மூன்று கால் வைத்த ஒரு கண்ணாடிக் கண்ணை நிறுத்தினாள். அது பார்ப்பதெல்லாம் அப்படியே அந்தப் பெட்டிகளில் தெரியுமாம். டெஸ்மண்ட் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வசனத்தை ஆரம்பித்தான். அவன் ஒரு வார்த்தை பேசுவதற்குள் செஸ்தியா கரண்டியோடு பாய்ந்தாள்.

"என் அடுப்பு எங்கடா? என் கடலைப் பானை எங்கடா, சுருட்டி வச்ச சாக்குமூட்டை!"

கரண்டி அவன் நெற்றியில் டணாரென்று இறங்கியது. அவன் மீன்சாறு ஜாடிக்குள் தலைகுப்புற விழுந்தான். மானியுஸ் தன் ஏலக்குரலில், "மூழ்கின சரக்கு! ஜாடியோட சேர்த்து எடுத்துக்கலாம்! யார் கேக்கறது?" என்று தெருவுக்கே கேட்கும்படி கூவினார். வினிஃப்ரெட் சிரிப்பை அடக்க முடியாமல், கண்ணாடிக் கண்ணைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். இதுவே போதும் என்று, எழுதி வந்த கதையைக் கிழித்து அடுப்புச் சாம்பலில் போட்டாள்.

இதையெல்லாம் மானியுஸ் ஒன்றுக்குப் பத்தாக விரித்துச் சொல்லி முடித்தபோது, கால்வுஸ் கொட்டாவி விட்டான். "இதோ நிக்கறவங்களா? கிரேக்கக் கூத்தாடிங்கடா இவங்க. அவன் மேல மீன் நாத்தம் அடிக்குது, அத மட்டும் நம்பறேன்."

அப்போதுதான் இடிப்பூசாரி வெல்தூர் வந்து சேர்ந்தார். கூடவே புல்லாங்குழல்காரன், கயிறு, ஒரு செம்மறியாடு.

வெல்தூர் கூரையைப் பார்த்தார், கருகின தரையைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார். "இடி விழுந்த எடம். இது இனிமே இடிக்கடவுள் ஜூபிடரோடது. இந்தக் கயிறு நிக்கற எடத்துல சுவர் எழும்பும். உள்ள யாரும் கால் வைக்கக் கூடாது, எட்டிப் பார்க்கக் கூடாது. என்னிக்குமே."

"சாமி, அது என் கடை" என்றாள் செஸ்தியா.

"கடையா இருந்துச்சும்மா. இப்ப இல்ல."

புருஷன் செத்த பிறகு அவளுக்கு இருந்ததெல்லாம் அந்தக் கடைதான். கரண்டி பிடித்த கை தளர்ந்து தொங்கியது. கப்பல் மாலுமிகளையே ஒரு சொல்லில் அடக்குகிறவள், கரண்டியைத் தரையில் வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்தாள்.

கயிறு கட்டியாயிற்று. பானை உள்ளே, வந்தவர்கள் வெளியே. வினிஃப்ரெட் மானியுஸின் காதோரம் வந்து, "ஐயா, பானையின் சூடு ஆறுமுன் ஏறாவிடில், இங்கேயே மெய்யாகக் கிடப்போம்" என்றாள்.

பானை தானாகவே எழும்பிப் போய்விட்டால் அது இடியில்லை என்று ஆகிவிடும், கடையும் தப்பிக்கும் என்று மானியுஸ் கணக்குப் போட்டார். ஆனால் ஊரே சுற்றி நிற்கிறபோது கயிற்றைத் தாண்டுவது எப்படி? அந்தச் சமயத்தில் வெல்தூரே வழி காட்டினார்.

"மானியுஸ், நீயே கூவு. புதுசா வந்த கூவறவன் குரல் கொசுவுக்குக்கூட கேக்க மாட்டேங்குது."

இடியைப் புதைக்கிற சடங்கில் எல்லோரும் டோகாவால் தலையை மூடிக்கொள்ள வேண்டும். பார்த்தவனுக்குப் பார்வை போய்விடும் என்பது ஊரறிந்த பயம். மானியுஸ் வினிஃப்ரெட்டுக்குக் கண்காட்டிவிட்டு மூச்சை இழுத்தார். துறைமுகத்துப் புறாக்கள் மொத்தமும் சர்தினியா வரை பறந்துவிட்டன என்று இன்றும் சொல்வார்கள்.

"தலைய மூடுங்க! நாக்க அடக்குங்க! மூக்கு நுனி தெரிஞ்சாக்கூட கண்ணு அவிஞ்சு போயிடும்! நல்லா இழுத்து மூடுங்க!"

ஊரே துணிமூட்டைகளாகிவிட்டது. மானியுஸும் மூடிக்கொண்டார், கண்ணின் மீது அவருக்கும் ஆசை உண்டு. துணிக்குள்ளே இருட்டு. புல்லாங்குழல் கிறீச்சிட்டது. ஓடுகிற காலடிச் சத்தம், யாரோ தடுக்கி விழுகிற சத்தம், கல்வெட்டில் எங்குமே இல்லாத ஒரு வசைச்சொல். பிறகு துணியையும் மீறிப் பளீரென்று வெளிச்சம். டமார்.

தலையை எடுத்துப் பார்த்தார்கள். பானை போய்விட்டது.

மானியுஸ் துள்ளினார். "பார்த்தீங்களா! அது வண்டி! வந்தது, போயிடுச்சு! இடியே இல்ல!"

வெல்தூரின் முகம் வெளிறிவிட்டது. "அடுத்த இடி! ஒரே எடத்துல திரும்ப விழுந்து அந்தப் பானையையும் தூக்கிட்டுப் போயிருக்கு! ரெட்டைச் சுவர் எழுப்பணும். பக்கத்துச் சந்தையும் சேரும்."

"சாமி, உள்ள ஆளுங்க ஏறிப் போனாங்க!"

கூட்டம் சிரித்தது. "கண்ணு தெரியாத கழுதைய வித்த வாய்தானே அது!" என்று எவனோ கத்தினான்.

செஸ்தியா மெதுவாகத் திரும்பினாள். "அண்ணா, ஒரு நாளாவது நிஜம் பேசறவனா இருந்து வச்சிருக்கக் கூடாதா? இன்னிக்கு உபயோகப்பட்டிருக்குமே."

மானியுஸின் வாயில் நிஜம் வந்த ஒரே நாளில் அதை வாங்க ஆளில்லை.

"வேற யாராவது பார்த்தவங்க இருக்கீங்களா?" என்றார் வெல்தூர். "எங்க இருப்பீங்க, எல்லாரும் தலைய மூடிட்டிருந்தீங்களே."

கூட்டத்தின் பின்னால் ஒரு இருமல் கேட்டது. கால்வுஸ். தரையைப் பார்த்தான், மானியுஸைப் பார்த்தான், தன் தொட்டியிலிருந்தே ஒரு வாய் குடித்தவன் போல் முகத்தைச் சுளித்தான்.

"நான் மூடல" என்றான்.

ஊரே அவன் பக்கம் திரும்பியது.

"கண்ணு போயிடும்னு இவன் கூவினான். இவன் சொன்னா நான் என்னிக்குத்தான் நம்பினேன்? முழிச்சு முழிச்சுப் பார்த்தேன்."

வெல்தூர் ஓடிவந்து அவன் மூக்குக்கு நேரே விரலை ஆட்டினார். "இது என்ன தெரியுது?"

"விரல். நகத்துல அழுக்கு."

வெல்தூர் தாடையைச் சொறிந்தார், நெடுநேரம் யோசித்தார். இடியைப் பார்த்தவன் கண் பிழைத்ததாகச் சாத்திரத்தில் எங்குமே இல்லை. ஆகவே பார்த்தது இடியில்லை. "கயித்த அவுருங்க" என்றார் கடைசியில். சொன்ன பிறகு அவருக்கும் தோள் இறங்கியது. சந்தைக்காரர்களிடம் யார் போய்ச் சொல்வது என்ற கவலை அவருக்கும் இருந்திருக்கும். ஆட்டுக்குத்தான் எல்லோரையும்விட ஆறுதல். அது நேரே உள்ளே போய், சிந்திக் கிடந்த கொண்டைக்கடலையைத் தின்ன ஆரம்பித்தது. செஸ்தியா விரட்டவில்லை. உடைந்த அடுப்பின் மேலேயே உட்கார்ந்து, முந்தானையில் முகம் புதைத்து, அழுகையும் சிரிப்புமாகக் குலுங்கினாள்.

மானியுஸ் கால்வுஸின் பக்கத்தில் போய் நின்றார். வாய் சும்மா இருக்குமா?

"டேய், கண்ணு தெரியுதுன்னு மட்டுந்தான் சொன்ன. மத்தது?"

"எது?"

"பானையிலேர்ந்து வந்தது, நாடகம் எடுத்தது, பொறக்காதவங்க சிரிச்சது."

கால்வுஸ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அவன் டோகா கால்ல சிக்கி அவுந்துடுச்சு. உள்ள பூப்போட்ட அரைக்கால் சட்டை. அப்படியே ஓடிப்போய் பானைக்குள்ள விழுந்தான். அந்தப் பொம்பளை கதவச் சாத்தறதுக்கு முன்னால அந்தக் கண்ணாடிக் கண்ண என் பக்கம் திருப்பினாடா. நான் வாயப் பொளந்துட்டு நின்னேன்."

"அப்ப?"

கால்வுஸ் பெருமூச்சு விட்டான்.

"நடந்துச்சுடா, பாவி. எல்லாமே நடந்துச்சு. இப்ப என்னையும் பார்த்துத்தான் சிரிச்சுட்டிருக்கானுங்க."