பைகளுக்கு இடமிருந்தது

தீம் பார்க்குக்கு சகாயசெல்வியை அண்ணன் ராயப்பராஜ் வரச்சொன்னதே பைகளைப் பார்த்துக்கொள்ளத்தான். நாற்பது வயதாகியும் கல்யாணம் ஆகாமல் வீட்டோடு கிடப்பவளுக்கு ராட்டினம் ஒன்றுதான் குறைச்சல். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு, பைகளுக்கும் ஒரு குவியல் செருப்புக்கும் நாள் முழுக்கக் காவல் இருந்தாள். தண்ணீரில் ஆடப் போகுமுன் அண்ணி, வீட்டுச் சாவியையும் அவள் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

கிளம்பும் நேரத்தில் சூறைக்காற்றோடு மழை பிடித்துக்கொண்டது. காலையில் அவள் பஸ்ஸில்தான் வந்திருந்தாள். இப்போது பஸ் ஒன்றும் ஓடவில்லை. காரில் அண்ணியின் தங்கை குடும்பமும் நெருக்கியடித்து ஏறியது. பைகளை மடியில் அடுக்கிக்கொண்டார்கள்.

"இவங்களத் திண்டுக்கல்லுல எறக்கிட்டு வாரேன். செத்த நேரம் நில்லு" என்றான் அண்ணன்.

டிக்கெட் கவுண்டரின் தகரக் கூரைக்கடியில் கும்பலோடு கும்பலாக நனைந்து நின்றாள். அரை மணி நேரம் பார்த்துவிட்டு அவளே போன் போட்டாள்.

"பாலத்துக்கடியில இடுப்பளவு தண்ணி. நாங்க தப்பிச்சு வந்ததே பெருசு. இனி கார் வராது, யார் கூடயாச்சும் தொத்திக்கிட்டு வந்துரு."

சற்று நேரத்தில் அவனே திரும்பக் கூப்பிட்டான். அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை என்று நினைத்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏ, வீட்டுச் சாவி ஒங்கிட்டயா இருக்கு? பிள்ளைக வாசல்ல நனையுது. எங்கிட்டும் போயிராத, இந்தா வந்துட்டேன்!"

"தண்ணி வடிஞ்சிருச்சாண்ணே?" என்று கேட்டாள்.

பதிலுக்குக் கார் கிளம்பும் சத்தம் கேட்டது.