வரப்பில் நட்ட கொடிகள்

மார்கழிப் பனி வயலைவிட்டு இன்னும் எழுந்திருக்கவில்லை. ரோட்டிலிருந்து வீடுவரை வாய்க்காலை ஒட்டிப் போகிற வரப்பில் சுடர்விழி கொடிகளை ஒவ்வொன்றாக ஊன்றிக்கொண்டே வந்தாள். முழ நீளக் குச்சி, சிவப்புத் துணி, துணியில் வெள்ளைச் சிலுவை. பெட்டியில் சேலைகளுக்கு நடுவே மடித்து டென்மார்க்கிலிருந்து கொண்டுவந்தவை. நாலடி தள்ளி நட்டது பனியில் மங்கிவிட, அடுத்ததை ஊன்றும்போது அவளுக்கே சந்தேகம் வந்தது. நிற்பது குடவாசலுக்குத் தெற்கேயா, அல்லது அங்கே அவள் வீட்டுக்குப் பின்னால் கடல் வரைக்கும் போகிற புல்வெளியிலா? காலில் ஈரச் சேறு ஒட்டியதும் இது இங்கேதான் என்று தெளிந்தது.

அந்த நாட்டில் வீட்டில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் வாசலுக்குப் போகிற வழியெல்லாம் தேசியக் கொடி நடுவார்கள். மகள் எழில்மொழிக்கு இன்று ஐந்து வயது நிறைகிறது. கொடி இல்லாத பிறந்தநாளை அறியாத பிள்ளை. "தாத்தா வீட்டுல கொடி இருக்குமா?" என்று விமானத்திலேயே கேட்டிருந்தாள்.

அப்பா பகலவன் அந்நேரத்துக்கே மண்வெட்டியோடு தெற்கு வயலுக்குப் போயிருந்தார். கதிர் வெளிவருகிற பருவம். தண்ணீரைப் பார்க்காமல் அவருக்குக் காபி இறங்காது.

அவரிடம் விஷயத்தைச் சொல்லி ஒரு வாரம் இருக்கும். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். டென்மார்க் குடிமகளாகப் போவதைச் சொன்னாள். அப்படி ஆனால் இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பதையும் சொன்னாள். "நீங்க வேண்டாம்னா நான் போகலப்பா."

அவர் சொம்பைக் கீழே வைத்தார். "ராஜா இருக்குற நாடுதானே அது?"

"ஆமா."

அதோடு சரி. அதற்குப் பிறகு மழை, மாட்டுத்தீவனம், பேத்தியின் பல் என்று எல்லாம் பேசினார். அதை மட்டும் பேசவில்லை. மௌனம் அவளுக்கும் புதிதில்லை, அவரிடமிருந்து வந்ததுதான். ஒருவர் மௌனத்தை இன்னொருவர் தொடாமல் சுற்றிப் போவது அந்த வீட்டுப் பழக்கம்.

அவர் என்ன நினைக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அவருடைய அப்பா முருகையன் பண்ணையாள். பண்ணையார் வாசலில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முதுகை வளைத்தே நின்று காலம் கழித்தவர். பகலவன் துண்டே வாங்கியதில்லை. வியர்வையைச் சட்டையில் துடைத்துக்கொள்வார். நாற்றுப் பறிக்கும்போது மட்டும், "இது வயலுக்குக் குனியிறது" என்பார். அப்படிப்பட்டவரின் மகள் ஒரு ராஜாவின் நாட்டுக்கு விசுவாசம் சொல்லப் போகிறாள்.

கடைசிக் கொடியை வாசலில் ஊன்றிவிட்டு, குழந்தையைக் குளிப்பாட்ட உள்ளே போனாள். தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது வெளியே ஆள் அரவம் கேட்டது.

குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பனி கொஞ்சம் விலகியிருந்தது. வரப்பில் அப்பாவும் வார்டு உறுப்பினர் புகழேந்தியும் ஆளுக்கொரு பக்கமாகக் கொடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பிடுங்கியது வாய்க்காலோரச் சேற்றில் விழுந்து கிடந்தது.

"ஒண்ணு விடாதீங்கண்ணே" என்றார் புகழேந்தி. "ராத்திரியோட ராத்திரியா வந்து நட்டுட்டுப் போயிருக்கானுவ. போன தடவை வயலுக்குள்ள எரிவாயுக் குழாய் போடணும்னு அளக்க வந்தப்பவும் இதே சிவப்புக் கொடிதான், இதே குச்சிதான். அன்னிக்குப் புடுங்காம விட்டிருந்தா இன்னிக்கு நெல்லு எங்க, நாம எங்க?"

அப்பா பிடுங்கினார். குனிந்து, நிமிர்ந்து, குனிந்து, நிமிர்ந்து. நிலத்தைக் காப்பாற்றுகிற வேகம் அந்த வயதான தோளில் இருந்தது. சுடர்விழி வாசற்படியிலேயே நின்றாள். பெட்டியில் கொண்டுவந்ததும் கொடி, அளவைக்காரன் நட்டதும் கொடி. வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நட்டிருக்கலாம். சொல்லாமலே இருந்து பழகிவிட்டது.

அவள் இடுப்பிலிருந்து எழில்மொழி இறங்கி, ஈரத்தலையோடு வரப்பில் நடந்துபோய்த் தாத்தாவின் பக்கத்தில் நின்றாள்.

"தாத்தா, கொடி கீழ படக் கூடாது."

பகலவன் கையில் ஒரு கொத்தோடு நிமிர்ந்தார். பேத்தியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"உன்னுதா?"

"எனக்குப் பொறந்தநாளு" என்றாள் குழந்தை.

புகழேந்தி தன் கையிலிருந்ததை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "எனக்கென்ன தெரியும் சுடரு? சிவப்பைப் பார்த்தேன், குச்சியைப் பார்த்தேன். சிலுவையைப் பார்த்தப்பவாவது வேளாங்கண்ணிக்கு நடந்து போறவங்க வச்சதோன்னு நின்னு யோசிச்சிருக்கணும். புத்தி அப்புறமாத்தான் வருது."

அம்மா அம்சம் வாசலிலிருந்தே எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். "பேத்தி பொறந்தநாளுக்கு வச்சதைப் புடுங்கிப் போட்ட மகராசரு இந்த ஜில்லாவுலயே இவரு ஒருத்தராத்தான் இருப்பாரு. துணைக்கு ஒரு மெம்பரு வேற."

பகலவன் சேற்றில் கிடந்ததையெல்லாம் பொறுக்கினார். வாய்க்கால் படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு கொடியாகத் தண்ணீரில் அலச ஆரம்பித்தார். சுடர்விழி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் அலசிக் கொடுத்ததைப் பிழிந்து புல்லில் படாமல் மடியில் அடுக்கினாள். புகழேந்தி குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு கேக் வாங்கக் குடவாசல் போகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

வெள்ளைச் சிலுவையில் ஒட்டிய சேறு கரைந்து ஒரு புகைபோல ஓடிப் போனது. மறுகரைக் குட்டையில் அல்லி இலைகள் அசையாமல் கிடந்தன. அந்த நாட்டு முத்திரையில் மூன்று நீலச் சிங்கங்கள் உண்டு, சுற்றிலும் ஒன்பது சிவப்பு இதயங்கள். அவை ஒரு காலத்தில் இதயங்களே இல்லை, குளத்து இலைகள்தான் என்று படித்திருந்தாள். குளிர்காலத்தில் பகல் மூன்றரை மணிக்கே இருட்டிவிடுகிற அந்த ஊரில், விளக்கடியில் அதைப் படித்த அன்று அவளுக்கு நினைவில் வந்தது இந்தக் குட்டைதான்.

"இதை யாரு வேணாலும் நடலாமா?" அப்பா தண்ணீரைப் பார்த்தபடி கேட்டார்.

"யாரு வேணாலும். யாரையும் கேக்க வேண்டாம். ஒரு காலத்துல சாதாரண ஜனங்க ஏத்தக் கூடாதுன்னு தடை இருந்துச்சு. அப்புறம் விட்டுட்டாங்க."

"விட்டாங்களா, விட வச்சாங்களா?"

"தெரியலப்பா."

"விசாரி." இன்னொரு கொடியை எடுத்தார். "அந்த ராஜாவுக்கு என்னதான் வேலை?"

"நாடாளுமன்றம் போடுற சட்டத்துல கையெழுத்துப் போடுவாரு. கூட ஒரு அமைச்சரும் போடணும். இல்லைன்னா செல்லாது."

"நம்ம பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி. துணைத்தலைவர் கையெழுத்து இல்லாம செக்கு மாறாது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "அதேதான். ராஜா வீட்டுல யாரும் ஓட்டும் போடுறதில்லை."

அப்பாவின் கை நின்றது. "ஓட்டு இல்லாதவன்கிட்ட எதுக்கு விசுவாசம்?"

"அவர்கிட்ட இல்லப்பா. சட்டத்துகிட்ட. புதுசா வர்றவங்க பேரையெல்லாம் ஒரு சட்டமா எழுதி, நாடாளுமன்றத்துல ஓட்டுக்கு விடுவாங்க. என் பேரு அதுல வந்தாச்சு. விழாவுக்குப் போனாத்தான் முடியும். போகலைன்னா ஒண்ணும் ஆகாது, இப்படியே இருந்துக்கலாம்."

"என்னன்னு எழுதியிருக்கு?"

"சுடர்விழி பகலவன்."

அவர் மறுபடி அலச ஆரம்பிக்க நேரமாயிற்று. ஒரு மீன்கொத்தி வாய்க்காலின் மேல் நீலக்கோடு இழுத்துவிட்டுப் போனது. அந்தக் கோடு மறைந்த பிறகும் அவர் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விழாவுல என்ன செய்யணும்?"

"சட்டத்தை மதிச்சு நடப்பேன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். மேயர் கையைப் புடிச்சுக் குலுக்கணும்."

"குனியணுமா?"

"வேண்டாம்."

"சரியா விசாரிச்சியா?"

"விசாரிச்சேன்."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. கேள்வி அங்கேயே, தண்ணீருக்கும் படிக்கும் நடுவில் கிடந்தது.

கொடிகள் துணிக்கொடியில் காய்ந்தன. உச்சிவெயிலில் பகலவனே எடுத்துப்போய் வரப்பில் நட்டார். அவள் நட்டதைவிட நேராக, நாற்று நட வரிசைக்கயிறு கட்டியதுபோல நட்டார். புகழேந்தி கொண்டுவந்த கேக்கில் பெயர் கொஞ்சம் கலங்கியிருந்தது. வரப்பில் போன இரண்டு மூன்று பேர் கொடியைப் பார்த்துவிட்டு நின்றார்கள். அவர்கள் கேட்கும் முன்பே புகழேந்தி ஓடிப்போய், "நம்ம புள்ளைக்குப் பொறந்தநாளு, நம்ம புள்ளைக்கு" என்று சொல்லி அனுப்பினார்.

வெயில் சாய்ந்தது. கதிர்களின் நுனியில் மஞ்சள் ஏறியது. சுடர்விழி வரப்புக்கு வந்தாள்.

"சூரியன் விழறதுக்குள்ள எடுத்துடணும்பா. இருட்டுல பறக்க விடக் கூடாது."

"எடுத்துடுவோம்."

இருவரும் வாசலிலிருந்து ரோட்டை நோக்கி நடந்தார்கள். அவர் பிடுங்கினார், காலையில் பிடுங்கிய அதே கைதான். ஆனால் இப்போது நாற்றை வேர் அறாமல் எடுப்பதுபோல எடுத்தார். எதுவும் தரையைத் தொடவில்லை. பின்னால் பனி மறுபடி இறங்கத் தொடங்கியது. கொடி எடுத்த இடங்களை அது மூடிக்கொண்டே அவர்களோடு நடந்து வந்தது.

ரோட்டை ஒட்டிய கடைசிக் கொடியை எடுத்ததும் அவர் நின்றார். கை நிறையக் கொடி. ஒரு கையைக் காலியாக்கிக்கொள்ளக் கொடிக்கட்டைக் கக்கத்தில் இடுக்கப் போனவர் பாதியில் நிறுத்தினார். இடது கைக்கு மாற்றிக்கொண்டார். வலது கையை வேட்டியில் துடைத்து, முன்னால் நீட்டினார்.

"நான்தான் அந்த மேயர்னு வச்சுக்க."

விளையாட்டா என்று முகத்தைப் பார்த்தாள். விளையாட்டு இல்லை. நினைவு தெரிந்து அப்பாவும் அவளும் கை குலுக்கிக்கொண்டதில்லை. தன்னையறியாமல் செருப்பைக் கழற்றியிருந்தாள் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் கையை நீட்டினாள். பிடித்த கணத்தில் முதுகு தானாக வளைந்தது. இடது கை தானாக வந்து வலது முழங்கையைத் தாங்கியது. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. தாத்தா முருகையனை அவள் பார்த்ததுகூட இல்லை.

"நிமிரு" என்றார் அப்பா.

நிமிர்ந்தாள்.

"அந்தக் கை எதுக்கு?"

இடது கையை எடுத்துத் தொங்கவிட்டாள்.

"செருப்பைப் போட்டுக்க. இன்னொரு தடவை."

போட்டுக்கொண்டாள். மறுபடி கையை நீட்டினாள். இந்தத் தடவை வளையவில்லை. அவருடைய கண்ணும் அவளுடைய கண்ணும் ஒரே உயரத்தில் இருந்தன. அந்தக் காய்ப்பேறிய உள்ளங்கை அவள் கையை இறுக்கி, ஒரு முறை குலுக்கியது.

"ம். அங்க இப்படித்தான் நிக்கணும்."

கையை உடனே விட்டுவிடவில்லை. வாய்க்கால் தண்ணீர் பனிக்குள் புகுந்து கண்ணுக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அவளும் கேட்டாள்.