பிரேக் வேண்டாம் என்று சொன்னவன்

சைக்கிள் விஷயத்தில் விமலனுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. வாட்ஸ்ஆப் குழுவில் அப்படித்தான் பெயர். கோல சிலாங்கூரிலிருந்து சபாக் வரைக்கும் கியர் மாற்றாத ஃபிக்ஸி சைக்கிள்மேல் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லாரும் அந்தக் குழுவில் இருந்தார்கள். புதிதாக ஒருவர் நுழைந்து, கையில் காசு குறைவு, முதல் ஃபிக்ஸி எதை வாங்கலாம் என்று கேட்டுவிட்டால் போதும், விமலன் பாய் விரித்து உட்கார்ந்துவிடுவான். சட்டம் இரும்பா அலுமினியமா, டயர் எவ்வளவு தடிப்பு, புதுசா பழசா, எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தான். கடைசியில் தவறாமல் ஒரு வரி வரும்: பிரேக் மாட்டினால் அது ஃபிக்ஸியே இல்லை, கழற்றிப் போடுங்கள்.

குழுவில் அவனை 'மாஸ்டர்' என்றார்கள். அவனும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒரே ஒரு குறைதான். மாஸ்டர் தன் வாழ்நாளில் ஃபிக்ஸி ஓட்டியதில்லை. செம்பனை ஆலையில் லோரிகளை எடைபோடும் அறையில் அவனுக்கு வேலை. ஒரு லோரிக்கும் அடுத்த லோரிக்கும் நடுவே வீடியோ பார்ப்பான். ஆரம்பத்தில் 'பார்த்தேன்' என்றுதான் குழுவில் எழுதினான். பிறகு எப்படியோ அது 'செய்தேன்' ஆகிவிட்டது. பத்தாங் காலி மேட்டில் பிரேக் இல்லாமல் இறங்கினேன் என்று ஒரு நாள் அளந்துவிட்டதற்குக் கைதட்டல் குவிந்தது. அதன்பின் சொந்தமாக ஒன்று வாங்கவும் பயம். வாங்கினால் சேர்ந்து ஓட்டக் கூப்பிடுவார்கள், போனால் குட்டு உடைந்துவிடும். சுங்கை செம்பிலாங்குக்கு மீன் சாப்பிடப் போகலாம் என்று குழு கிளம்பும்போதெல்லாம் மாஸ்டருக்கு ஷிஃப்ட் வந்துவிடும்.

கண்மணியும் அந்தக் குழுவில் இருந்தாள். ஜெராம் பக்கத்துத் தோட்டத்தில் வீடு, கோல சிலாங்கூரில் ஒரு பல் கிளினிக்கில் வேலை. அவள் அண்ணன் மோட்டார் சைக்கிளில் விழுந்து கால் போனதிலிருந்து, வீட்டுக்குள் மோட்டார் என்ற பேச்சே கூடாது என்று அம்மா தங்கமணி ஒற்றைக் காலில் நின்றார். பஸ்ஸை நம்பி நம்பிக் கண்மணி கிளினிக்கில் வாங்கிய திட்டுக்குக் கணக்கில்லை. சைக்கிளுக்கு அம்மாவைச் சம்மதிக்கவைக்கவே அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"அண்ணே, கடைக்கு நீங்களும் வாங்களேன்," என்று போனில் கெஞ்சினாள். "எனக்கு ஒன்னும் தெரியாது. இது சரியா வரலன்னா அம்மா அடுத்தது எதுக்கும் ஒத்துக்க மாட்டாங்க லா."

விமலனுக்கு ஷிஃப்ட் இருந்தது. ஆனால் ஒரு பெண் நேரில் வந்து உதவி செய்யுங்கள் என்று கேட்டால் மாஸ்டர்களுக்கு மண்டை கொஞ்சம் கனத்துவிடுகிறது. போனான்.

கடையில் இரண்டு சைக்கிள் அவள் கைக்கு எட்டும் விலையில் இருந்தன. ஒன்று புதுசு, சக்கரம் இரண்டும் பளபளவென்று ஆரஞ்சு நிறம். மற்றது யாரோ ஓட்டி விற்ற கறுப்பு இரும்பு ஃபிக்ஸி. கண்மணியின் கண் ஆரஞ்சு மேலேயே இருந்தது. விமலன் பழசைத் தூக்கிப் பார்த்தான், பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டான், சங்கிலியை விரலால் அழுத்தினான். "இத எடு கண்மணி. அது கலருக்கு மட்டுந்தான் காசு," என்றான். உண்மையாகவே நல்ல யோசனைதான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகுதான் வாய் சும்மா இருக்கவில்லை. "அந்த முன் பிரேக்கக் கழட்டச் சொல்லு."

கடை முதலாளியான சீனத் தவுக்கே யோசித்தார். முதல் சைக்கிள்தானே, இருந்துவிட்டுப் போகட்டுமே என்றார் மலாயில். கண்மணி விமலன் முகத்தைப் பார்த்தாள். "வேணாமா அண்ணே?"

"தேவையில்ல. நம்ம காலுதான் பிரேக்கு."

ஃபிக்ஸியில் பெடலும் பின் சக்கரமும் ஒன்றோடொன்று பிணைந்தவை. சக்கரம் ஓடும்வரை பெடல் சுற்றும், பெடல் சுற்றும்வரை காலும் சுற்றியே ஆக வேண்டும். மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா உருண்டு போகும் சுகம் அதில் கிடையாது. காலை எதிர்ப்பக்கம் அழுத்தித்தான் நிறுத்த வேண்டும். இதெல்லாம் விமலனுக்குத் தலைகீழ்ப் பாடம். பிரேக் கழன்று வந்தது.

ஒரு சுற்று ஓட்டிப் பாரேன் என்று தவுக்கே சைக்கிளை அவன் பக்கம் நீட்டியபோது அவன் இரண்டு கையையும் பைக்குள் விட்டுக்கொண்டான். நல்லவேளை, மகளோடு வந்து வாசலில் நின்ற தங்கமணி குறுக்கே வந்தார்.

"அதெல்லாம் கூடாது. பூச போடாம யாரும் ஏறக் கூடாது. மொதல்ல அம்மன் கோயிலுக்குப் போகட்டும்."

விமலன் மனதுக்குள் அம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டான். சைக்கிள் வேனில் ஏறிப் போனது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பூசை. விமலனையும் கண்மணி அழைத்திருந்தாள். பூசாரி சுப்பிரமணியம் ஹேண்டிலில் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார். தங்கமணி மல்லிகைச் சரம் சுற்றினார். இரண்டு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. கற்பூரம் காட்டி முடிந்ததும் கண்மணி ஏறப் போனாள். தங்கமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இரு. தம்பி, நீங்க ஏறுங்க. நல்லது கெட்டது பாத்து வாங்கிக் குடுத்தவரு நீங்க. ஒங்க கால் மொதல்ல படட்டும். கோயில ஒரு சுத்து சுத்தி வாங்க, அப்புறம் இவ ஏறட்டும்."

"இல்லக்கா, கண்மணியே…"

"ஓட்டுங்க அண்ணே," என்றாள் கண்மணி. முகமெல்லாம் பெருமை. "நானும் நீங்க ஓட்டி நேர்ல பாத்ததே இல்ல."

கோயிலுக்கு வந்த பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏறிவிட்டான்.

எலுமிச்சம்பழம் நசுங்கியது. சைக்கிள் நகர்ந்தது. கால்கள் சுற்றின, தானும் சேர்ந்து சுற்றினான். கோயிலின் பின்புறம் வந்தபோது, அட, இவ்வளவுதானா என்று இருந்தது. இத்தனை நாள் பயந்தது வீண் என்று நினைத்தான். சந்தோஷத்தில் ஒரு மிதி கூடவே மிதித்தான்.

எந்தத் தோட்டத்தில் பிறந்தவனும் அம்மன் சன்னதியைச் சும்மா கடப்பதில்லை. சைக்கிளில் போகிறவன் சன்னதிக்கு நேரே வந்ததும் மிதிப்பதை நிறுத்துவான், ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொள்வான், தலையைக் கொஞ்சம் தாழ்த்தி அப்படியே உருண்டு போவான். வேறொரு தோட்டத்தில் வளர்ந்த விமலனின் உடம்பிலும் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து ஊறிய பழக்கம் அது. சன்னதி வந்தது. கை நெஞ்சுக்குப் போனது. கால் நின்றது.

பெடல் நிற்கவில்லை. அவனை இருக்கையிலிருந்து தூக்கி, ஒற்றைக் கையோடு முன்னால் எறிந்தது. வாசலில் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளுக்கு நடுவில் போய் முகம் குப்புற விழுந்தான்.

யாராவது சிரித்திருந்தால் தேவலை. ஒருவரும் சிரிக்கவில்லை. பூசாரி ஓடிவந்து தூக்கினார். முழங்கையில் ரத்தம். கன்னத்தில் யாருடைய செருப்பு மண்ணோ ஒட்டியிருந்தது. தங்கமணி விழுந்து கிடந்த சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சங்கிலி கொஞ்சம் லூசு போல," என்றான் விமலன். கேட்காமலே வந்து விழுந்தது அந்தப் பொய்.

"சங்கிலியும் இல்ல, ஒன்னும் இல்ல," என்றார் தங்கமணி. "பூசைல, அம்மன் கண்ணு முன்னாலயே ஆளத் தூக்கிப் போட்டுருக்கு. இது ஆகாத வண்டி. நாளைக்கே கடைல திருப்பிக் குடுத்துரு கண்மணி."

"அம்மா, சும்மா விழுந்ததுக்குப் போயி…"

"யாரு விழுந்தா? இவ்ளோ தெரிஞ்ச மனுஷன். மலையில எல்லாம் எறங்குனவருன்னு நீதான சொன்ன? அவரையே இந்தப் பாடு படுத்துச்சுன்னா ஒன்னய விட்டு வைக்குமா? ஒரு புள்ள கால் போனது பத்தாதா எனக்கு? நீ பஸ்லயே போ."

கண்மணி ஹேண்டிலில் அறுந்து தொங்கிய மல்லிகையைக் கையில் எடுத்துக்கொண்டு விமலனைப் பார்த்தாள். ஏதாவது சொல்லுங்கள் என்ற பார்வை.

விமலனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் பெயர்தான் அவள் சைக்கிளுக்கு எமன். அவன் மாஸ்டராக இருக்கும்வரை அந்தச் சைக்கிள் ஆகாத வண்டி. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். முழங்கைக்கு மருந்து போட்டுக்கொண்டு, பாவம் மாஸ்டர் என்று குழுவில் நாலு பேர் சொல்வதையும் கேட்டுக்கொள்ளலாம். ஒரு கணம் அதைத்தான் செய்யப் பார்த்தான். அதை நினைத்ததற்காகவே காது மடல்வரை சுட்டது.

"அக்கா," என்றான். நிமிர முடியவில்லை. "சைக்கிள் மேல தப்பு இல்லக்கா. எனக்கு ஓட்டத் தெரியாது."

"என்னா?"

"நான் இந்த மாதிரி சைக்கிள் ஓட்டுனதே இல்ல. இன்னைக்கித்தான் மொத தடவ."

"அப்ப பத்தாங் காலி?" என்றாள் கண்மணி.

"வீடியோல பாத்தது."

"அந்த மழையில ஓட்டுனேன்னு எழுதுனது?"

"அதுவுந்தான்."

கண்மணியின் கையிலிருந்த பூ பிடி தளர்ந்து பாதி தொங்கியது. தங்கமணி அவனை மேலும் கீழும் பார்த்தார். அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பான். அவர் முகத்தில் தெரிந்தது நிம்மதி.

"நல்ல மனுஷன்தான் போ," என்றார். "சாமி, இன்னொரு பழம் இருக்கா? இவளே ஏறட்டும்."

சுப்பிரமணியம் பழத்தட்டைத் தேடிப் போனார். கண்மணி விமலன் பக்கத்தில் வந்தாள். இந்த முறை அண்ணே என்று கூப்பிடவில்லை.

"நான் நாளைக்கே போயி பிரேக்க மாட்டிக்குவேன். ஒங்க பேச்சக் கேட்டு வேற யாரு யாரு கழட்டுனாங்க?"

விழுந்ததைவிட இந்தக் கேள்விதான் பலமாக அடித்தது. யார் யார் என்று அவன் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. கைதட்டல் மட்டும்தான் நினைவிருந்தது. இப்போது முகங்கள் வந்தன. அன்று காலையில்கூட சபாக்கிலிருந்து அட்ரியன் ஒரு படம் போட்டிருந்தார். அவனைவிட வயதில் மூத்தவர், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. கழற்றிய பிரேக்கைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கீழே, மாஸ்டர் சொல்லைத் தட்டலாமா என்று எழுதியிருந்தார். விமலன் அதற்கு ஒரு கட்டைவிரல் போட்டிருந்தான்.

போனை எடுத்து அட்ரியனைக் கூப்பிட்டான். வெகுநேரம் மணி அடித்தது. எடுத்தபோது காற்றுச் சத்தமும் மூச்சிரைப்பும் கேட்டன.

"சொல்லுங்க மாஸ்டர்! ரோட்டுலதான் இருக்கேன், காதுல மாட்டியிருக்கேன்."

"எங்க இருக்கீங்க?"

"பெர்னாம் ஆத்துப் பாலத்துல ஏறிக்கிட்டு இருக்கேன். நல்ல வேள கூப்புட்டீங்க. அந்தப் பக்கம் எறங்குறப்ப எப்படி மெதுவாக்கணும்? பின்னால லோரி வேற வருது."

பதில் நாக்கு நுனியில் தயாராக நின்றது. உடம்பை முன்னால் சாய், காலை இறுக்கு, எதிர்ப்பக்கம் அழுத்து. எத்தனை முறை எழுதியிருக்கிறான்.

"எனக்குத் தெரியாது அட்ரியன்."

"என்னா மாஸ்டர்?"

"எனக்கு ஒன்னும் தெரியாது. நான் ஓட்டுனதே இல்ல, எல்லாம் பொய்யி. மேட்டுல வேகம் இல்லாதப்பவே எறங்கிருங்க. தள்ளிக்கிட்டுப் போங்க. வீட்டுக்குப் போயி மொத வேலையா பிரேக்க மாட்டுங்க."

போனில் ஒரு லோரி இரைச்சலோடு கடந்து போனது. விமலன் போனைக் காதோடு அழுத்தினான். இரைச்சல் அடங்க நெடுநேரம் ஆனது போலிருந்தது.

"எறங்கிட்டேன் மாஸ்டர்," என்றார் அட்ரியன். சந்தேகமோ வருத்தமோ எதுவும் குரலில் இல்லை. "நீங்க ஒன்னு சொன்னா அதுல காரணம் இருக்கும்."

விமலன் கோயில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதான்.