நேரில் அறிந்தது சான்றாகாது

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது மாடிப்படித் திருப்பத்தில். ஒட்டுக் கேட்டேன் என்று சொன்னால் அசிங்கமாக இருக்கும். துணி காயப்போடப் போனேன், காதும் கூடவே வந்தது, அவ்வளவுதான். மேல்வீட்டுக்குள் ஒரு பெண் யாரையோ பிடித்துக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"அவன் செத்ததை நீ பார்த்தியா? பார்த்தியா, சொல்லு."

பதில் வரவில்லை. அந்த வீட்டில் அவளைத் தவிர ஆள் கிடையாது என்பது இந்தக் கட்டடத்துக்கே தெரியும். தெரியாதவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். எட்டிப் பார்த்தேன். எதிரே ஒரு லேப்டாப் மட்டும் திறந்து கிடந்தது.

(கதவு பாதி திறந்திருந்தது [சான்று தேவை]. இந்த வால் என்ன என்று கேட்கிறீர்களா? வருகிறேன்.)

2

அவளை நாங்கள் எக்ஸ்ரே அக்கா என்போம். பக்கத்துத் தெரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, சாதாரணமாகப் பேசும்போதும் நம்மை மூச்சைப் பிடிக்க வைத்துவிடுவாள். முதுகு வலி என்று லீவு போட்டு வீட்டில் கிடந்தபோதுதான் இணையக் கலைக்களஞ்சியத்துக்குத் தன்னார்வலராக எழுதப் போனாள்.

அங்கே ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் "தொகு" என்று ஒரு சொல் இருக்குமாம். யார் வேண்டுமானாலும் அதை அழுத்தி உள்ளே புகுந்து திருத்தலாமாம். ஊர் விஷயத்தில் மூக்கை நுழைக்க இவ்வளவு மரியாதையான வாசலா என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் "மணல்தொட்டி" என்று ஒரு பக்கம் தருகிறார்கள். எழுதிப் பழகலாம், அழிக்கலாம், யாரும் திட்ட மாட்டார்கள். அக்கா அதில் மைக் டெஸ்ட் செய்கிறவர் மாதிரி "சோதனை, சோதனை" என்று எழுதினாள். அப்புறம் விலா எலும்பு பற்றிய கட்டுரையில் எழுத்துப் பிழைகளைத் திருத்தினாள். "குடைக்காம்பு" என்ற பெயரில் அங்கே ரொம்ப நாளாக எழுதுகிற ஒருவர், ஆணா பெண்ணா தெரியாது, "நன்றி, நல்ல திருத்தம்" என்று குறிப்புப் போட்டார். படியில் எதிரே வந்தால் தலையாட்டவே யோசிக்கிற அக்கா, அன்று என்னை நிறுத்தி அதைக் காட்டினாள்.

குடைக்காம்பு சொல்லிக் கொடுத்த சட்டம் ஒன்றே ஒன்று. ஆதாரம் காட்டாத வாக்கியத்தின் முடிவில் "சான்று தேவை" என்று ஒரு வால் கட்டிவிட வேண்டும். நமக்கே தெரியும் என்பது செல்லாது, எங்காவது அச்சில் வந்திருக்க வேண்டும். நான் இதுவரை பேசியதற்கெல்லாம் கட்டினால் வால் மட்டும்தான் மிஞ்சும்.

இப்படிப் பழகிக்கொண்டே வந்தவள் பழைய படகுத்துறை பற்றிய கட்டுரையில் போய் விழுந்தாள். கடைசிப் பத்தியில் படகு கவிழ்ந்த விபத்து. இறந்தோர் பெயர்கள். அதில் அவள் தம்பி.

தம்பி அன்று படகில் போனது உண்மை. ஆனால் கரைக்கு வந்த உடல்களில் அவன் இல்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் அவன் பெயருக்கு முன்னால் "மறைந்த" என்று போட்டதில்லை. அம்மா கண்மூடும்போதும் அக்காவிடம் கேட்டுக்கொண்டது அதைத்தான்: நாமளா அதைச் சொல்லக் கூடாது. இப்போது ஊர் உலகம் பார்க்கிற பக்கத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள்.

அக்கா பெயரை நீக்கினாள். குடைக்காம்பு பழைய செய்தித்தாள் ஒன்றைக் காட்டித் திரும்பச் சேர்த்தார். மறுபடி நீக்கினாள், மறுபடி சேர்த்தார். "நான் அவன் கூடப் பிறந்தவள்" என்று எழுதினாள்.

"வருந்துகிறேன். நேரில் அறிந்தது சான்றாகாது" என்று பதில் வந்தது.

நான் ஒட்டுக் கேட்டது (சரி, ஒட்டுத்தான்) அந்தப் பதிலோடு அவள் போட்ட சண்டையை.

3

இந்தக் கதைக்கு நான் எழுதிப் பாதியில் விட்ட தொடக்கங்கள்:

ஆற்றங்கரையில் தன்னந்தனியாக நின்ற அந்தப் பெண்ணின் கண்கள்

(அக்கா ஆற்றுப் பக்கமே போவதில்லை. போனாலும் கண்ணாடி போட்டிருப்பாள்.)

இரக்கமே இல்லாத குடைக்காம்பு

(இரக்கம் இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது. அதுதான் தொல்லை.)

தம்பி பார்க்க எப்படி இருப்பான் என்றால்

(தெரியாது. அவன் போன பிறகுதான் நான் இங்கே குடிவந்தேன். இந்த வாக்கியத்தை அடிக்காமல் அப்படியே வைக்கிறேன்.)

4

எங்கள் குடியிருப்போர் சங்கம் மாதாமாதம் ஒரு தாள் அச்சடிக்கும். தொட்டி கழுவுகிற நாள், காணாமல் போன பூனை, யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் எல்லாம் என் கைவண்ணம். அக்கா வாசலில் வந்து நின்றாள். உட்காரவில்லை.

"அச்சுல வந்தா சான்று. ரெண்டு வரி போடு. அவன் வந்துட்டான்னு."

"அக்கா, வரலையே."

"நீ எழுதுறதெல்லாம் நடந்துதானா வருது?"

பேனாவை எடுத்தேன். எழுதிக் கொடுத்தேன்: "பல வருடங்களுக்கு முன் படகு விபத்தில் காணாமல் போன, நம் மேல்வீட்டு அக்காவின் தம்பி வீடு திரும்பினார். நனைந்த வெள்ளைச் சட்டையும் ஒற்றைச் செருப்புமாக அவர் வந்ததைக் கண்டு அனைவரும் நெகிழ்ந்தனர்." சட்டையும் செருப்பும் ஏன் என்று கேட்காதீர்கள். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது போட்டால் நம்பிவிடுவார்கள் என்பது எழுதுகிறவர்களின் கெட்ட பழக்கம்.

அச்சான தாளை அக்கா படம் எடுத்து அனுப்பினாள். குடைக்காம்பு நம்பினார். எங்கள் சங்கத் தாளை நம்பிய முதல் ஆள் அவர்தான். இறந்தோர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டு, சட்டை, செருப்போடு என் வரிகளை அப்படியே பக்கத்தில் ஏற்றினார். அக்கா அன்று எனக்குத் தலையாட்டினாள்.

5

அங்கே யார் எப்போது எதை மாற்றினாலும் ஒரு பதிவு இருக்கும். சில நாள் கழித்துப் பெயரில்லாத ஒருவர் வந்து "வெள்ளைச் சட்டை" என்பதை "நீலச் சட்டை" என்று மாற்றியிருந்தார். காரணம் என்ற இடத்தில்: "நான் போட்டிருந்தது நீலம்."

குடைக்காம்பு உடனே வெள்ளையாக்கிவிட்டார். "நேரில் அறிந்தது சான்றாகாது."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"அவன் அன்னிக்குப் போட்டது நீலம்தான். உனக்கு நான் சொல்லவே இல்லையே."

நீங்களே மாற்றினீர்களா என்று கேட்டேன். கஷ்டப்பட்டு ஏற்றியதை நானே ஏன் நோண்டப் போகிறேன் என்றாள்.

அன்று மத்தியானம் வாட்ச்மேன் என்னைக் கூப்பிட்டார். நல்ல வெயில் [சான்று தேவை]. (இந்த வாலை நான் கட்டவில்லை. அழித்தால் போகிறது. அடுத்த முறை திறந்தால் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.) மேல்வீட்டு அக்காவைத் தேடி ஒருத்தர் வந்தாராம். வெள்ளைச் சட்டை, சொட்டச் சொட்ட நனைந்திருந்ததாம். ஒரு காலில் செருப்பில்லையாம்.

"ஆள் எப்படி இருந்தாரு?"

"அதான் சொல்றேனே, வெள்ளைச் சட்டை."

"முகம்?"

யோசித்தார். "எதிர்லதான் நின்னாரு. நல்லாத்தான் பார்த்தேன். ஆனா முகம்னு கேட்டா…" தன் கன்னத்தைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து என் வரிகளை மறுபடி படித்தேன். சட்டை இருந்தது. செருப்பு இருந்தது.

6

"திருப்பம் வரைக்கும் வர்றான்," என்றாள் அக்கா. "அங்கேயே நிக்குறான். கதவு ஓட்டை வழியா பார்த்தேன். நீ எழுதின அளவுதான் வந்திருக்கு. மிச்சத்தையும் எழுது."

முகம் எப்படி என்று கேட்டேன். போட்டோவைக் கொண்டுவந்தாள். மீசை சரியாக முளைக்காத கல்லூரிப் பையன்.

"இது அப்போ. இப்போ எப்படி இருப்பான்னு எனக்கெப்படித் தெரியும்? நீதான் கதை கட்டுறவளாச்சே."

என்னிடம் இருக்கிற முடிவுகள்: நானே ஒரு முகம் எழுதிவிடலாம். அவன் ஏறி வருவான், அவள் கதவைத் திறப்பாள், நான் கட்டிய யாரோ ஒருவனுக்கு ஆயுசு முழுக்கச் சோறு போடுவாள். இல்லாவிட்டால் அடுத்த மாதத் தாளில் "செய்தி தவறு, வருந்துகிறோம்" என்று போடலாம். அப்போது தம்பி இரண்டாம் தடவை சாவான், அதுவும் என் கையால். குடைக்காம்பிடம் உண்மையைச் சொன்னாலும் அதேதான், கொஞ்சம் மரியாதையாக நடக்கும்.

இந்தக் கதையும் அச்சில் வரப்போகிறது என்பதுதான் என் கையைப் பிடிக்கிறது. இங்கே நான் எதை எழுதினாலும் நாளைக்கு அதுவும் சான்று. அதனால் முடிவை எழுதப்போவதில்லை. அவன் முகம் இருக்க வேண்டிய இடத்தை உங்களுக்கு விட்டுவைக்கிறேன்:

[                                        ]

தொகுங்கள். நீங்கள் அவனைப் பார்த்ததில்லையே என்று தயங்க வேண்டாம், பார்த்தது செல்லாது. ஆனால் சேமிப்பதற்கு முன் ஒரு தரம் யோசித்துக்கொள்ளுங்கள். அவளிடம் யாரை அனுப்புகிறீர்கள் என்று.

காயப்போட்ட துணி மாடியிலேயே இருக்கிறது. எடுக்கப் போகலாம் என்று பார்த்தால் திருப்பத்தில் தரையெல்லாம் ஈரம். மேலே, மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து, அக்கா தன் வேலைக் குரலில் அவனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"மூச்சை இழுங்க. பிடிங்க."

விடச் சொல்கிறாளா என்று நானும் கேட்டுக்கொண்டே நிற்கிறேன்.