தலையை வாங்கிக்கொண்டவர்

ஆபரேஷனுக்கு முன்னால் குடல் காலியாக இருக்கவேண்டும் என்று என் மாமனாருக்குத் தெளிந்த சூப்பையும் பால் விடாத தேநீரையும் தவிர வேறு எதுவும் தரவில்லை. பால் இல்லாததை அவர் ஆயுளில் தேநீர் என்று ஒப்புக்கொண்டதில்லை. அல்மாட்டி ஆஸ்பத்திரியில் ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து கோப்பைக்குள் எட்டிப் பார்த்து, "இது குதிரைக்குக் கால் கழுவின தண்ணி" என்றார். அவர் பெயரை நான் சொல்லமாட்டேன். எங்களில் மருமகள் மாமனார் பெயரைச் சொல்வதில்லை. நர்ஸ் கேட்டால்கூட அவருடைய அடையாள அட்டையைத்தான் நீட்டுவேன்.

அவருக்கு என்ன நோய் என்று எங்கள் வீட்டில் அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். குடல்வாலில் தொடங்கிய புற்று, வயிற்றின் உள்தோல் முழுக்கத் தினையைத் தூவியதுபோல் பரவிவிட்டது. என் கணவர் ஜான்டோஸ் அவரிடம், "சதை வளர்ந்திருக்குப்பா, வெட்டிட்டு வெந்நீர் விட்டுக் கழுவிடுவாங்க" என்று மட்டும் சொல்லியிருந்தார். நோயின் பெயரைக் கேட்டாலே நோயாளி மனம் விட்டுவிடுவான் என்று குடும்பமே கூடி நடிப்பது எங்கள் ஊர் வழக்கம். பெரிய பெரிய மீசைக்காரர்கள்கூட இதில் பிரமாதமாக நடிப்பார்கள்.

கழுவுகிற விஷயம் மட்டும் மாமனாருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. நீராவிக் குளியலறையில் மேல்படியில் உட்கார்ந்து, மற்றவர்கள் மூச்சுமுட்டி ஓடிய பிறகும் இன்னொரு செம்புத் தண்ணீரைக் கல்லில் ஊற்றச் சொல்கிறவர் அவர். "வயித்துக்குள்ளயே வெந்நீர்க் குளியலா? பேஷ். அப்படியே முதுகும் தேச்சு விடுவாங்களான்னு கேளு" என்பார்.

டாக்டர் போத்தாகோஸ் மட்டும் எங்கள் நாடகத்தில் சேர மறுத்துவிட்டார். குள்ளமான பெண்மணி, குரல் மட்டும் ஆளைவிடப் பெரியது. ஜான்டோஸை வராந்தாவில் நிறுத்திச் சொன்னார்.

"கண்ணுக்குத் தெரியறது அத்தனையும் வெட்டி எடுப்பேன். அதுக்கே பாதிப் பகல் போயிடும். கண்ணுக்குத் தெரியாம ஒட்டிட்டிருக்கறதுக்குத்தான் சூடு. மருந்த நாப்பத்திரண்டு டிகிரிக்குக் காய்ச்சி வயித்துக்குள்ள சுத்த விடுவோம். உடம்பு பூரா கொதிச்சிடாம இருக்கத் தலையச் சுத்தி ஐஸ் வைப்போம். பொழைக்கலாம். பொழைக்காமயும் போகலாம். இவ்வளவையும் அவருக்கே தெரியாம அவர் உடம்புல நான் செய்யமாட்டேன். திங்கக்கிழமைக்குள்ள நீங்க சொல்லிடுங்க. இல்லன்னா நான் சொல்லிடுவேன். அவர் சரின்னாத்தான் கத்தி எடுப்பேன்."

ஜான்டோஸ் தலையாட்டினார். பாலம் கட்டுகிற இன்ஜினியர், ஒரு பட்டாளத்தையே அதட்டி வேலை வாங்குகிறவர். ஆனால் அப்பாவின் கட்டிலருகே போனால் தலையணையைத் தட்டுவார், ஜன்னலைத் திறப்பார், மூடுவார். வாய் மட்டும் திறக்காது. சனிக்கிழமையும் அப்படியே போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரான தல்கரில், என் நாத்தனார் மகளைக் கொடுத்த வீட்டில் விருந்து. மாமனார் போகவேண்டிய இடம். அவருக்குப் பதில் ஜான்டோஸ் போனார், துணைக்கு மாமனாரின் தம்பி ஓஸ்பான் போனார். நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

மத்தியானம் மாமனாருக்குப் பசி தாங்கவில்லை. "கம்ஷாத், போன எடும்மா. விருந்துப் படம் வந்திருக்கும். வாயால திங்க முடியாதத கண்ணாலயாவது தின்னுட்டுப் போறேன்."

எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதற்குள் ஏகப்பட்ட படங்கள் வந்து குவிந்திருந்தன. குதிரைக்கறித் தொத்திறைச்சியைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டினார். சம்பந்தியம்மாளின் புது மேலங்கியைப் பார்த்து, "கம்பளத்தச் சுருட்டிக் கட்டிட்டு வந்துட்டாளா?" என்றார். இருவரும் சிரித்தோம். அடுத்தது ஒரு வீடியோ. வீட்டுக்காரர் பெரிய தட்டில் அவித்த ஆட்டுத்தலையைக் கொண்டுவந்து ஜான்டோஸ் முன்னால் வைக்கிறார்.

அதில் தப்பு இல்லை. தலை, விருந்தின் முக்கிய விருந்தாளிக்குப் போகவேண்டியது. ஆனால் அப்பா உயிரோடிருக்கிறவன் அதைத் தொடக்கூடாது. தொட்டால் அப்பா இல்லை என்று அர்த்தம். "அப்பா இருக்கார்" என்று சொல்லித் தட்டைப் பக்கத்துப் பெரியவரிடம் தள்ளிவிட வேண்டும். நடக்கப் பழகும் குழந்தைக்குக்கூட எங்களில் இது தெரியும்.

ஜான்டோஸ் தட்டைத் தள்ளினார். வீட்டுக்காரர் மரியாதைக்குத் திரும்ப இந்தப் பக்கம் தள்ளினார். ஜான்டோஸ் வாயைத் திறந்தார். மூடினார். பிறகு கத்தியை எடுத்தார். தலையின் காதை அறுத்து, வழக்கப்படி அந்த வீட்டுக் குழந்தையிடம் நீட்டினார். பேச்சுச் சத்தம் பொசுக்கென்று அடங்கியது. பக்கத்தில் ஓஸ்பான் மாமா மேஜைவிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் போனை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். மாமனார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு தடவ போடு."

போட்டேன். எனக்கு உடம்பே கூசியது. கூட்டத்தின் நடுவே என் புடவை அவிழ்ந்திருந்தால்கூட அப்படிக் கூசியிருக்காது என்று உங்களுக்குப் புரியும்படி சொல்லலாம். கட்டியவன் செய்த காரியத்துக்கு அவன் தகப்பன் முகத்தைப் பார்க்க முடியாமல், அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எனக்கு என்னம்மா வியாதி?"

"மாமா..."

"உன் புருஷன் ஊரக்கூட்டி சொல்லிட்டான். பேர மட்டுந்தான் சொல்லல. நீ சொல்லு."

சொன்னேன். புற்று என்றும், வயிறு முழுக்கப் பரவியிருக்கிறது என்றும், வெந்நீர் இல்லை, சூடாக்கிய மருந்து என்றும் சொன்னேன். அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"வீட்டுக்குப் போலாம். தலைய அவன் வாங்கிக்கிட்டான். மிச்ச உடம்ப இவங்க எதுக்குக் கழுவணும்? நம்ம மசூதி ஆளுங்களே கழுவிக்குவாங்க."

கெஞ்சினேன். அவர் அந்தத் தேநீரைக்கூட அதற்குப் பிறகு தொடவில்லை.

மறுநாள் காலை ஜான்டோஸ் வந்தார். கையில் ஒரு பொட்டலம். விருந்தில் மாமனாருக்கென்று எடுத்துவைத்துக் கொடுத்தனுப்பிய கறி. சாப்பிடக் கூடாத நோயாளிக்கு அதை எதற்குத் தூக்கிக்கொண்டு வந்தார் என்று எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்கோ கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வாசல்படியிலேயே நின்றார். நேற்று திரும்பும்போது ஓஸ்பான் மாமா அவர் பக்கத்தில் உட்காராமல் காரின் பின்சீட்டுக்குப் போய்விட்டாராம்.

"வாங்க பெரிய மனுஷரே," என்றார் மாமனார். "தல ருசியா இருந்துதா?"

ஜான்டோஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். காது, கழுத்து எல்லாம் சிவந்துபோயிற்று.

"திங்கலப்பா. வாயில வச்சேன். இறங்கல."

"கத்தி மட்டும் கைல ஏறுச்சு?"

"அந்த வார்த்தையச் சொல்லத்தான்பா வாயெடுத்தேன். 'அப்பா இருக்கார்'னு. சொன்னா அங்கயே அழுதிடுவேன்னு தெரிஞ்சுது. அழுதா சம்பந்தி வீட்டுக்கும் விஷயம் தெரிஞ்சிடும். உங்க காதுக்கும் வந்திடும். எல்லாரும் என்னையே பாத்தாங்க. கத்திய எடுத்துட்டேன். எடுத்தப்புறந்தான் என்ன பண்ணிட்டேன்னு..."

அவரால் முடிக்க முடியவில்லை. பொட்டலத்திலிருந்து கொழுப்பு கசிந்து அவர் சட்டைக் கையில் இறங்கியது. அதைத் துடைக்கவும் தோன்றாமல் நின்றார். எனக்கு அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி அந்தக் கறையைப் பார்த்ததும் போய்விட்டது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது.

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அழுதிருக்கலாமேடா" என்றார்.

அப்போதுதான் டாக்டர் உள்ளே வந்தார். மூன்று பேர் முகத்தையும் பார்த்ததும் சொல்லவேண்டியது எதுவும் மிச்சமில்லை என்று புரிந்துகொண்டார். ஆனாலும் கட்டிலில் உட்கார்ந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் அவரிடம் சொன்னார். பிழைக்காமலும் போகலாம் என்பதையும் விடவில்லை.

"சூடு எவ்வளவுன்னீங்க?"

"நாப்பத்திரண்டு."

"அவ்வளவுதானா? எங்க வீட்டுக் குளியலறைல கீழ்ப்படில உக்கார்றவன்கூட அதுக்கு ஸ்வெட்டர் கேப்பான்." பிறகு மகனைக் காட்டினார். "பண்ணுங்க. நான் செத்துட்டேன்னு இவன் ஊருக்குக் காட்டிட்டான். அத இவன் வாயாலயே மாத்திச் சொல்ல வைக்கணும். அதுக்காவது நான் இருக்கணும்."

செவ்வாய்க்கிழமை காலை உள்ளே கொண்டுபோனார்கள். சாயங்காலம்தான் டாக்டர் வெளியே வந்தார். வெட்ட முடிந்ததையெல்லாம் வெட்டியாயிற்று, மருந்தும் சுற்றி வந்துவிட்டது, இனிமேல் பார்க்கவேண்டும் என்றார். ஜான்டோஸ் அதுவரை யாரோடும் உட்காரவில்லை. சொந்தக்காரர்கள் வந்தால் மாடிப்படிப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

வசந்தம் வந்தபோது மாமனார் பாதி ஆளாக, பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டு நடமாடினார். நோய் போய்விட்டதென்று யாரும் சொல்லவில்லை. அவ்வப்போது போய் வயிற்றை ஸ்கேன் எடுத்துக் காட்டவேண்டும். அதுவே போதும் என்று ஓஸ்பான் மாமா ஆடு அறுத்தார். தல்கர் சம்பந்திகள் உட்பட எல்லோரும் வந்தார்கள். ஜான்டோஸ் மட்டும் கதவோரம், சின்னப் பையன்கள் உட்காருகிற இடத்தில் போய் ஒடுங்கிக்கொண்டார். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

தலை மாமனார் முன்னால் வந்தது. கன்னக்கறியைச் சீவிப் பெரியவர்களுக்குக் கொடுத்தார். காதை அறுத்ததும் பேரப்பிள்ளைகள் கையை நீட்டினார்கள். காது குழந்தைகளுக்குத்தான். அவர் அந்தக் கைகளைத் தாண்டி நீட்டினார்.

"ஜான்டோஸ். இங்க வா."

"தாத்தா, அது எங்களுக்கு!" என்று ஒரு வாண்டு கத்தியது.

ஜான்டோஸ் எழுந்து, எல்லோர் முழங்கால்களையும் தாண்டி வந்து மண்டியிட்டார். தலைமுடியில் பாதி நரைத்த மனிதர், இரண்டு கையாலும் காதை வாங்கிக்கொண்டார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஓஸ்பான் மாமாவுக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஏண்டா, இந்த வயசுல காதா உனக்கு?"

ஜான்டோஸ் தல்கர்க்காரர்கள் பக்கம் திரும்பினார்.

"அப்பா இருக்கார்" என்றார்.

சொன்னதும், அவர் பயந்தது போலவே, அத்தனை பேர் முன்னாலும் உடைந்து அழுதார். யாரும் சிரிக்கவில்லை. மாமனார் மட்டும் கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"தின்னுடா. ஆறிடும்."